நான்காம் சுரத்தில் இடறியவர்

1872-இல் ஜப்பான் அரசு நாடு முழுமைக்கும் ஒரு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ‘ககுசேய்’ என்று அதற்குப் பெயர். தேசத்தை 8 பல்கலைக்கழக வட்டாரங்களாகவும், அவற்றில் ஒவ்வொன்றையும் 32 நடுநிலைப் பள்ளி வட்டாரங்களாகவும், அவை ஒவ்வொன்றையும் மறுபடி 210 தொடக்கப் பள்ளி வட்டாரங்களாகவும் பிரித்து, மொத்தம் 53,760 தொடக்கப் பள்ளிகள் என்று கணக்குப் போட்டார்கள். அந்தச் சட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பாடங்களின் பட்டியலில் கடைசி வரி ‘பாட்டு’. அதன் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் உண்டு: இப்போதைக்கு இது இல்லை.

பாட்டு தேவையில்லை என்று யாரும் நினைக்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சொல்லிக்கொடுக்கப் பாட்டும் இல்லை. அரண்மனைக்கு ககாகு இசை, சாமுராய் வீடுகளுக்கு நோ நாடகப் பாட்டு, நகரத்துக் கேளிக்கை விடுதிகளுக்கு ஷாமிசென் வாத்தியம், வயலுக்கு நடவுப் பாட்டு என்று இசை அந்தஸ்து பார்த்துப் பிரிந்து கிடந்த நாடு அது. சாமுராய் வீட்டுப் பிள்ளையும் குடியானவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து சேர்ந்து பாடுவதற்கென்று ஒரு பாட்டு அங்கே இருந்ததில்லை.

பாட்டு மட்டும் புதிதல்ல, வகுப்பறையே புதிது. அதுவரை கோயில்களிலும் வாத்தியார் வீடுகளிலும் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து தனித்தனியாகப் படித்து, ஒவ்வொருவராக ஆசிரியர் முன்னால் போய் ஒப்பித்துவிட்டு வந்தார்கள். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே பாடம் நடத்துவது எப்படி என்று எவருக்கும் தெரியாது. அதைக் கற்பிக்க டோக்கியோவில் பழைய கன்பூசியக் கல்விக்கூட வளாகத்தில் அதே 1872-இல் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். மேரியன் ஸ்காட் என்ற அமெரிக்கரை அமர்த்தினார்கள். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பாயை எடுத்துவிட்டு மேசையும் நாற்காலியும் போட்டு, அமெரிக்கப் பள்ளியில் எப்படி நடத்துவாரோ அப்படியே நடத்தினார். பக்கத்தில் ஒருவர் நின்று மொழிபெயர்த்தார். அங்கே படித்து வெளியேறிய இளைஞர்கள் மாகாணங்களுக்குப் போய் அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்படிக் கைமாறி வந்த கல்வி எவ்வளவு தூரம் போகும் என்ற கவலை கல்வி அமைச்சகத்தில் சீக்கிரமே எழுந்தது. 1875-இல் ஒரு முடிவெடுத்தார்கள். அமெரிக்கரை வரவழைப்பது ஒரு பக்கம் நடக்கட்டும், நம் ஆட்கள் மூவரை அமெரிக்காவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலேயே சேர்த்துவிடுவோம், அங்குள்ள பயிற்சி ஆசிரியர்களோடு ஒருவராக உட்கார்ந்து படித்துவிட்டு வரட்டும் என்பதே அந்த முடிவு. இஸாவா ஷூஜிக்கு வயது 24. கோஸு சென்ஸாபுரோ அவரைவிட ஒரு வயது இளையவர். தகமினே ஹிதேயோ மூவரிலும் இளையவர். மூவரும் யோகோஹாமாவில் கப்பல் ஏறினார்கள். இஸாவா மாசசூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டருக்கும், தகமினே நியூயார்க் மாநிலத்தின் ஓஸ்வீகோவுக்கும், கோஸு அதே மாநிலத்தின் ஆல்பனிக்கும் போனார்கள்.

புறப்படும்போது இவர்கள் ஒன்றுமறியாத பிள்ளைகள் அல்லர். இஸாவா ஏற்கெனவே நகோயாவில் இருந்த ஐச்சி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவர். நாகானோ மலைப்பகுதியில் தகாதோ என்ற சிறு சமஸ்தானத்தில் எளிய சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போது சமஸ்தானப் படையின் மேற்கத்தியப் பாணி அணிவகுப்பில் முரசு அடித்தவர். ஐச்சியில் குழந்தைகளுக்கு விளையாட்டோடு பாட்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருந்தார். அங்கே உடன் பணியாற்றிய நோமுரா அகிதாரி, அந்த வட்டாரத்தில் குழந்தைகள் பாடிவந்த பட்டாம்பூச்சிப் பாட்டு ஒன்றை எடுத்துச் செப்பம் செய்து தந்தார். வார்த்தைகள் கிடைத்துவிட்டன, தகுந்த மெட்டுதான் வாய்க்கவில்லை. அந்த வார்த்தைகளும் இஸாவாவோடு கடல் கடந்தன.

தலைவராக இருந்த ஒருவர் பிரிட்ஜ்வாட்டரில் மறுபடி மாணவராக உட்கார வேண்டியிருந்தது. 1840-இல் தொடங்கிய அந்தப் பள்ளி அமெரிக்காவின் மிகப் பழைய அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று. ஆல்பர்ட் பாய்டன் 1860 முதல் 1906 வரை அதன் முதல்வராக இருந்தார். ஆண்களும் பெண்களும் ஒரே வகுப்பில் படித்தார்கள், பெண்களே அதிகம். ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் தனித்தனியே வளர்க்கப்பட்ட சாமுராய்க் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு, பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து நின்று பாடம் நடத்துவதும், தான் அதைக் கேட்டு நிறைகுறை சொல்ல வேண்டியிருப்பதும், பிறகு தன் பாடத்துக்கு அவர் குறை சொல்வதும் எப்படி இருந்திருக்கும்? இந்த அனுபவத்தை எந்தப் பாடப்புத்தகத்தாலும் தந்திருக்க முடியாது.

பெரும்பாலான பாடங்களை அவர் சமாளித்துவிட்டார். இரண்டில் மட்டும் திணறினார். ஒன்று ஆங்கில உச்சரிப்பு, மற்றொன்று பாட்டு.

பாட்டு கட்டாயப் பாடம். பயிற்சி ஆசிரியர் ஒவ்வொருவரும் சுர வரிசையைப் பாடிக் காட்ட வேண்டும். இஸாவாவுக்கு முதல் மூன்று சுரம் சரியாக வந்தது. நான்காவது ஏறிவிடும். இறக்கிப் பாடச் சொன்னால் மறுபடி எங்கோ போய்விடும். ஏழாவதிலும் அதே கதை. அவர் காது பழகிய பாட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நின்றவை. கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: மோகனத்திலேயே வளர்ந்த ஒரு குரலைத் திடீரென்று சங்கராபரணம் பாடச் சொன்னால் மத்திமத்திலும் நிஷாதத்திலும் அது கால் ஊன்ற இடமில்லாமல் தவிக்கும். தவிப்பு குரலில் இல்லை. காதுக்குள் அந்தப் படிகளே கட்டப்படவில்லை.

பாய்டன் இரக்கப்பட்டார். கீழை நாட்டிலிருந்து வந்தவர், அவர்கள் இசையே வேறு, அதனால் பாட்டுப் பாடத்திலிருந்து உங்களுக்கு விலக்கு அளிக்கிறேன் என்றார். கனிவோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் இஸாவாவை அது நொறுக்கிவிட்டது. அரசாங்க உத்தரவோடு கடல் கடந்து வந்துவிட்டு, ஒரு பாடத்தை விட்டுவிட்டுப் போய் ஊரில் எந்த முகத்தோடு நிற்பது என்று மூன்று நாள் அழுததாகப் பிற்காலத்தில் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

விலக்கை அவர் ஏற்கவில்லை. பாஸ்டனில் லூதர் வைட்டிங் மேசன் என்பவர் சிறு பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுப்பதில் பேர் பெற்றவர் என்று கேள்விப்பட்டு அவரைத் தேடிப் போனார். மேசன் பாஸ்டன் தொடக்கப் பள்ளிகளின் இசைக் கண்காணிப்பாளர். 1818-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலில் காதால் கேட்டுப் பாடப் பழக்குவது, பிறகே சுரக் குறிகளைக் காட்டுவது என்பது அவருடைய முறை. சுவரில் மாட்டும் பெரிய இசைப் பட்டியல்களை அதற்கென்றே தயாரித்திருந்தார். ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்த இருபத்துச் சொச்சம் வயது இளைஞர், பாஸ்டனில் மேசன் வீட்டுக்குப் போய் ஐந்தாறு வயதுக் குழந்தை கற்கும் வரிசையிலிருந்து தொடங்கினார்.

இந்தப் பாடம் இரு வழிப் பாதையாக ஆயிற்று. மேசனின் பட்டியல்களை ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு இஸாவா உதவினார். ஐச்சியிலிருந்து கொண்டுவந்த பட்டாம்பூச்சி வார்த்தைகள் இங்கேதான் ஒரு மெட்டில் உட்கார்ந்தன. ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்கப் பிள்ளைகள் படகோட்டும் பாட்டாகப் பாடிவந்த மெட்டு அது. ச-வுக்குக் கீழே இறங்காத, ப-வுக்கு மேல் ஏறாத, ஐந்தே சுரங்கள் கொண்ட எளிய நடை: ப க க, ம ரி ரி, ச ரி க ம ப ப ப. அதில் வரிசையாக நான்காவதாகப் பாட வேண்டிய சுரம் ம. இஸாவாவைத் தடுக்கி விழவைத்த அதே சுரம். பிற்பாடு ஜப்பானியக் குழந்தைகள் பள்ளியில் சேர்ந்த கையோடு கற்ற முதல் பாட்டுகளில் ஒன்றாக இது ஆனது. ஒரு பயிற்சி ஆசிரியர் மூன்று நாள் அழுத இடத்தை ஆறு வயதுப் பிள்ளைகள் துள்ளலோடு கடந்து போனார்கள்.

உச்சரிப்புக்கு வேறொரு கதவைத் தட்டினார். பாஸ்டனில் காது கேளாதோருக்குப் பேச்சுக் கற்பித்துவந்த ஓர் இளம் பேராசிரியர் இருந்தார். பெயர் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். அவருடைய தந்தை மெல்வில் பெல் 1867-இல் ‘காணும் பேச்சு’ என்ற ஒலிக் குறியீட்டு முறையை நூலாக வெளியிட்டிருந்தார். எந்த மொழியின் ஒலியாக இருந்தாலும், அதை எழுப்பும்போது நாக்கும் உதடும் தொண்டையும் எப்படி இருக்கின்றன என்பதையே குறியாக எழுதும் முறை அது. ஒரு பக்கம் திறந்த வளைவு ஒன்று இருக்கும். அது எந்தத் திசை பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பதை வைத்து, அடிநாக்கா நுனிநாக்கா உதடா என்று தெரிந்துகொள்ளலாம். காதால் பிரித்தறிய முடியாததைக் கண்ணால் பார்த்து வாயால் செய்யலாம். ரகரமும் லகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் மொழியிலிருந்து வந்த இஸாவாவுக்குக் காது கேளாத பிள்ளைகளின் பாடமுறை கைகொடுத்தது.

பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876 மார்ச்சில். அதற்குப் பின் ஒரு நாள் அவர் வைத்திருந்த கருவியில் இஸாவாவும், ஹார்வர்டில் சட்டம் படித்துவந்த கானெகோ கென்தாரோவும் தங்கள் மொழியில் பேசிப் பார்த்தார்கள். ஆங்கிலத்துக்கு அடுத்துத் தொலைபேசிக் கம்பியில் ஓடிய மொழி ஜப்பானியம் என்று சொல்லப்படுவது இதை வைத்துத்தான். கானெகோ பின்னாளில் மெய்ஜி அரசியல் சட்டத்தை வரைந்தவர்களில் ஒருவரானார்.

இதே நேரத்தில் ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஓஸ்வீகோவில் இருந்த தகமினேயின் கதை வேறு மாதிரி. அவர் ஐஸு சமஸ்தானத்துக்காரர். 1868 உள்நாட்டுப் போரில் பேரரசரின் படையை எதிர்த்து நின்று, கோட்டை முற்றுகையில் தோற்று, துரோகிகள் என்று முத்திரை குத்தப்பட்ட மண் அது. அப்போது தகமினேக்கு 14 வயது, சமஸ்தானத் தலைவரின் பணியாள் சிறுவன். எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறு வழியில்லை. டோக்கியோவில் ஃபுகுஸாவா யுகிச்சியின் கெய்யோ பள்ளியில் படித்துத் தேறியவரை அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஏழு ஆண்டுக்கு முன் எதிரி முகாமில் நின்ற சிறுவனை அதே அரசு தன் செலவில் அனுப்பியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் தேவை அவ்வளவு அவசரமாக இருந்தது.

ஓஸ்வீகோ அன்றைக்கு அமெரிக்க ஆசிரியர்களின் கண் விழுந்திருந்த ஊர். எட்வர்ட் ஷெல்டன் அங்கே மனப்பாடத்தை ஒதுக்கிவிட்டு, பொருளைக் கையில் கொடுத்துப் பிள்ளையையே பார்த்துச் சொல்லவைக்கும் முறையைப் பரப்பிவந்தார். மூலம் சுவிட்சர்லாந்துக் கல்வியாளர் பெஸ்டலோஸி. ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை தொட்டுப் பார்க்கும்: வழுவழுப்பு. கன்னத்தில் வைத்துப் பார்க்கும்: குளிர்ச்சி. கண்ணுக்கு நேரே பிடிக்கும்: அந்தப் பக்கம் தெரிகிறது. தெரிகிறது என்று பிள்ளை தானே கண்டு சொன்ன பிறகுதான் அதற்குரிய சொல்லை ஆசிரியர் தர வேண்டும். அங்கே பாடம் சொன்ன ஹெர்மன் க்ரூஸியின் தந்தை, பெஸ்டலோஸியின் முதல் உதவி ஆசிரியர். அந்த க்ரூஸி குடும்பத்தோடுதான் தகமினே தங்கினார். அதனால் பெஸ்டலோஸி அவருக்கு வகுப்பில் மட்டும் படித்த பெயராக இல்லை. சாப்பாட்டு மேசையில், தந்தையின் நினைவாக, வீட்டுப் பேச்சாகவும் வந்து சேர்ந்திருப்பார். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் விடுதியில் தங்குவதற்கும் ஒரு வீட்டில் தங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இஸாவா 1877-இல் பிரிட்ஜ்வாட்டரில் தேறி, ஹார்வர்டில் அறிவியல் படிக்கப் போனார். தந்தை நோயுற்ற செய்தி வந்ததும் 1878-இல் ஊர் திரும்பினார். தகமினேயும் அதே ஆண்டு வந்து சேர்ந்தார். புறப்படும் முன்பே, அமெரிக்காவில் ஜப்பானிய மாணவர்களின் மேற்பார்வையாளராக இருந்த மெகாதா தனேதாரோவும் இஸாவாவும் சேர்ந்து, பள்ளிகளில் பாட்டைத் தொடங்க வேண்டும் என்று அமைச்சகத்துக்கு மனு எழுதியிருந்தார்கள். 1879 அக்டோபரில் இசை ஆய்வுக் குழு அமைந்தது. பொறுப்பு இஸாவாவிடம். டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைமையும் அதே ஆண்டு அவரிடம் வந்தது. 1880-இல் மேசனையே டோக்கியோவுக்கு வரவழைத்தார். பாஸ்டன் வீட்டில் அவரிடம் தட்டுத் தடுமாறிப் பாடிய மாணவர் இப்போது அவருக்கு வேலை கொடுக்கும் அதிகாரி. ஆல்பனியிலிருந்து வந்த கோஸுவும் இந்தக் குழுவில் சேர்ந்து, கடைசி வரை இசைக் கல்வியிலேயே நின்றார்.

குழு மூன்று இலக்குகளை எழுதி வைத்தது. கிழக்கையும் மேற்கையும் கலந்து புது இசை படைப்பது, நாளைய தேசிய இசைக்கு ஆட்களைத் தயார் செய்வது, பள்ளிகளில் பாட்டை நடைமுறைப்படுத்துவது. இவற்றில் முதலாவதில் இஸாவாவின் மனம் தெரிகிறது. அடித்தளத்தில் இரு இசைகளும் வேறல்ல என்று நிறுவ அவர் பெரும்பாடு பட்டார். கோதோ வாத்தியத்தின் சுருதி அமைப்பையும் மேற்கத்தியச் சுர வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் இசையே வேறு என்று பாய்டன் அன்போடு சொன்னாரே, அதற்கு அளித்த பதிலாகவே இந்த ஆராய்ச்சி படுகிறது.

‘ஷோகாகு ஷோகாஷூ’ என்ற பள்ளிப் பாட்டுத் தொகுப்பின் முதல் பகுதி 1881 தேதியிட்டு, மறு ஆண்டு வெளிவந்தது. அதில் 33 பாட்டு. 1884-க்குள் மூன்று பகுதிகளிலும் சேர்த்து 91. ஸ்காட்லாந்தின் பிரிவுப் பாட்டு மெட்டில் ‘ஹோதாரு நோ ஹிகாரி’ என்று மின்மினி வெளிச்சத்தில் படிக்கும் மாணவனின் பாட்டு வந்தது. அந்த மெட்டில் மத்திமமும் கிடையாது, நிஷாதமும் கிடையாது. ஜப்பானியக் காது அதை அந்நியமாக உணரவே இல்லை. இன்றும் பள்ளிப் பட்டமளிப்பில் பாடுகிறார்கள். கடையடைக்கும் நேரத்தில் அதே மெட்டை ஒலிபரப்புகிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்தது என்ற நினைப்பே பலருக்கு இருப்பதில்லை.

இந்தப் பாட்டுகளை வெறும் குழந்தைப் பாட்டுகள் என்று சொல்லிவிட முடியாது. மின்மினிப் பாட்டின் கடைசிச் சரணம் வடக்கே சிஷிமா தீவுகளையும் தெற்கே ஒகினாவாவையும் தேசத்தின் எல்லைக்குள் வைத்துப் பேசியது. பட்டாம்பூச்சிப் பாட்டில் செழிக்கும் ஆட்சிக் காலத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. போரில் தோற்ற பிறகு 1947-இல் அந்த வரியை எடுத்துவிட்டு, பட்டாம்பூச்சியைப் பூவுக்குப் பூ பறக்கவிட்டார்கள். குழந்தைகள் சேர்ந்து பாடினால் குரல்கள் ஒன்றாகும் என்று மேசனிடம் கற்றதை, குடிமக்களும் ஒன்றாவார்கள் என்று இஸாவாவும் அவர் காலத்தவரும் நீட்டிக்கொண்டார்கள்.

தகமினே கொண்டுவந்ததற்கு என்ன ஆயிற்று? பொருளைக் காட்டிப் பாடம் நடத்தும் முறை பெயரளவில் முன்பே ஜப்பானுக்கு வந்திருந்தது. 1873-இல் வெளிவந்த ஆசிரியர் கையேடு ஒன்றில் பெர்சிமன் பழத்தைப் பற்றிய வினா விடை உண்டு. அது எப்படிப்பட்ட பொருள் என்று ஆசிரியர் கேட்பார். பெர்சிமன் மரத்தில் பழுக்கும் கனி என்று மாணவர் சொல்வார். எதற்குப் பயன்படும் என்றால், தின்னப் பயன்படும் என்பார். கேள்வியும் பதிலும் அச்சில் இருந்தன. பழம் கையில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லாமல் பிள்ளைகள் பதிலை உருப்போட்டார்கள். மனப்பாடத்தை ஒழிக்கப் பிறந்த முறையே மனப்பாடமாகிவிட்டது.

1881-இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவரான தகமினே இதைச் சரிசெய்ய முனைந்தார். பிள்ளையின் மனத்தில் இருப்பதைத் தானே மலரவைப்பது என்ற பொருளில் ‘கைஹாட்சு’ முறை என்று அது பேர் பெற்றது. அவரிடம் பயின்ற வாகாபயாஷியும் ஷிராயும் 1883-இல் எழுதிய ‘கைசேய் கியோஜுஜுட்சு’ நாடெங்கும் ஆசிரியர்கள் கைக்குப் போனது. போன வேகத்தில், எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்ற வாய்பாடாகவும் அது சுருங்கியது. க்ரூஸி வீட்டில் இரண்டு ஆண்டு வாழ்ந்து தகமினே பெற்றதை ஒரு கையேட்டால் கடத்த முடியவில்லை. இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு உடனே ஆசிரியர் வேண்டும், பயிற்சிக்கு நாள் இல்லை என்ற நெருக்கடியில் எந்த முறையும் கேள்வி பதில் பட்டியலாகத்தான் போய்ச் சேரும்.

பிறகு காற்று மாறியது. 1885-இல் மோரி அரினோரி கல்வி அமைச்சரானார். மறு ஆண்டு வந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஆணை, கீழ்ப்படிதல், தோழமை, கம்பீரம் என்ற மூன்றையும் ஆசிரியருக்கு உரிய குணங்களாக வைத்தது. மாணவர் விடுதிகளில் படைமுகாம் ஒழுங்கு வந்தது. டோக்கியோ பள்ளியின் தலைமைப் பொறுப்பில் ராணுவ அதிகாரி யமகாவா ஹிரோஷியை அமர்த்தினார்கள். அவரும் ஐஸுக்காரர்தான். தகமினே அவருக்குக் கீழே பாடங்களைக் கவனிக்கும் பொறுப்புக்கு இறங்கினார். அடுத்த ஆண்டே ஜெர்மானியக் கல்விக் கொள்கைகள் வந்து ஓஸ்வீகோவைப் பின்னுக்குத் தள்ளின. தகமினே விட்டுப் போகவில்லை. 1897 முதல் 1910-இல் இறக்கும்வரை டோக்கியோ பெண்கள் உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைவராக இருந்தார். வகுப்பறையில் பெண்களே பெரும்பான்மையாக இருந்த ஓஸ்வீகோவில் படித்தவருக்கு, பெண்கள் நல்லாசிரியர்கள் ஆவார்களா என்ற சந்தேகம் ஒரு நாளும் வந்திருக்காது.

இஸாவாவின் பிற்பகுதிதான் இந்த வரலாற்றில் மிகவும் சங்கடமானது. 1887-இல் தொடங்கிய டோக்கியோ இசைப் பள்ளியின் முதல் தலைவர், பின் டோக்கியோ பார்வையற்றோர், பேச்சற்றோர் பள்ளியின் தலைவர் என்று ஏறிய அவர், 1895-இல் ஜப்பான் தைவானைக் கைப்பற்றியதும் அங்கே கல்வித் துறைத் தலைவராகப் போனார். தைபேய்க்கு அருகே ஷிலினில் ஒரு குன்றின் மேலிருந்த கோயிலில் ஒரு சில மாணவர்களோடு ஜப்பானிய மொழிப் பள்ளி தொடங்கினார். 1896 புத்தாண்டு தினத்தன்று, ஜப்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியவர்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் ஆறு பேரைக் கொன்றார்கள். இஸாவா அப்போது ஜப்பானில் இருந்ததால் தப்பினார். அதோடு அவர் நின்றுவிடவில்லை. தீவெங்கும் மொழிப் பயிற்சிக் கூடங்களைத் திறந்தார். தைவான் மக்களின் மொழியை ஒலிவாரியாக ஆராய்ந்து, ஜப்பானிய ஆசிரியர்கள் அதைக் கற்கவும் வழி செய்தார். ஆனாலும் நோக்கம் ஒன்றுதான்: அந்தப் பிள்ளைகளை மொழியின் வழியாக ஜப்பானியராக்குவது.

வேற்று மொழியின் ஒலிக்குத் தன் நாக்கு வளையாமல் தவித்தவர், ஒரு தீவின் பிள்ளைகள் அனைவரையும் அதே தவிப்பில் நிறுத்தினார். அவர் கடல் கடந்தபோது விலக்கு வேண்டுமா என்று கேட்க ஒரு முதல்வர் இருந்தார், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது. தைவான் பிள்ளைகளிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் படிப்பு மனிதரை விசாலமாக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இஸாவாவை அது விசாலமாக்கியதும் உண்மை, பேரரசின் அதிகாரியாக அவர் கையில் ஒரு கருவியைத் தந்ததும் உண்மை. ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் வரலாறு ஆகாது.

பெல்லிடம் கற்ற காணும் பேச்சையும் அவர் கடைசி வரை விடவில்லை. 1901-இல் அதைப் பற்றி நூல் எழுதினார். வடகிழக்கு மாவட்டத்துக்காரர்களின் வட்டார உச்சரிப்பைத் தலைநகரின் உச்சரிப்புக்கு மாற்ற அதைக் கையாண்டார். அங்கும் அதே சங்கடம்: ஒருவருக்குத் தாய்மொழியாக இருந்தது, குறியீட்டுப் பட்டியலின்படி திருத்த வேண்டிய பிழையாகிவிட்டது. ஆனால் 1903-இல் டோக்கியோவில் அவர் நிறுவிய ராகுசேகிஷா வேறு வகை. ஊர் ஊராக வந்த திக்குவாய்க்காரர்களை எதிரே உட்காரவைத்து, நாக்கை எங்கே வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1917-இல் இறக்கும்வரை அவர் அந்த வேலையில் இருந்தார். பள்ளித் தலைமை, அமைச்சகப் பதவி, தைவான் அதிகாரம் எல்லாம் வந்து போன பிறகு, முதுமையில் அவர் போய்ச் சேர்ந்தது பேச வராத ஒருவருக்கு எதிரே போட்ட நாற்காலியில்தான். அவருடைய எல்லா வேலைகளிலும் மதிப்புக்குரியது இதுவே.

மேசன் 1882-இல் விடுப்பில் ஊர் போனார், அமைச்சகம் அவரைத் திரும்ப அழைக்கவில்லை. அவர் டோக்கியோவில் பாடம் சொன்ன பிள்ளைகளில் கோதா நோபு என்ற சிறுமியும் ஒருத்தி. 1889-இல் அவரை அரசே இசை படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பியது. கல்வி அமைச்சகத்தின் செலவில் இசைக்கென்று வெளிநாடு போன முதல் மாணவர் அவர். பாஸ்டனில் நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் சேர்ந்து, பிறகு வியன்னாவுக்குப் போய், 1895-இல் திரும்பி டோக்கியோ இசைப் பள்ளியில் ஆசிரியரானார். மேற்கத்திய மரபில் ஜப்பானியர் ஒருவர் எழுதிய முதல் வயலின் சொனாட்டா அவருடையது. அவரிடம் பியானோ கற்ற தாகி ரென்தாரோ 1901-இல் லைப்ஸிக்குக்குக் கப்பலேறினார்.